அப்படி ஒருவர் இல்லை

இந்த அறையில் ஏசியைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் சிரமமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சர்வர் ரூமிலேயே கிடப்பவன் நான். குளிர் இருந்தால்தான் எனக்கு மண்டை ஓடும். உங்கள் தட்டச்சுக்காரர்தான் பாவம், விரலை ஊதி ஊதி அடிக்கிறார். நான் நிதானமாகவே பேசுகிறேன், அவர் நிதானமாக அடிக்கட்டும்.

என் தங்கை எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள், மேடம். சொல்கிறேன். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது புரியாமல் எழுதினால் ஏதோ மச்சான் மாப்பிள்ளைத் தகராறு என்று முடித்துவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். அவர்கள் புத்திக்கு அவ்வளவுதான் எட்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு கார்டு தொங்கும். கதவில் வைத்தால் கதவு திறக்கும், மருந்து அலமாரியில் வைத்தால் அலமாரி திறக்கும். கார்டுக்குள் என்னவோ மந்திரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பெரிய பெரிய டாக்டர்கள்கூட அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். அதில் ஒரு எண்ணைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. அலமாரி அந்த எண்ணை வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்தில் இருக்கும் டைரக்டரி சர்வரிடம் கேட்கும்: இது யார், இவருக்குத் திறக்கலாமா? டைரக்டரி தன் டேட்டாபேஸில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும். டைரக்டரி என்பது வாய், டேட்டாபேஸ் என்பது ஞாபகம். இப்படிச் சொல்லித்தான் எங்கள் நிர்வாகிக்கே புரியவைத்தேன். அவருக்கு நான் வைத்த பெயர் தலையாட்டி. யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவருக்குத் தலையாட்டுவார், அதனால்.

இந்த இரண்டையும் நான் ஒரே மெஷினில் வைத்திருந்தேன். நானே கட்டியது. வாயும் ஞாபகமும் ஒரே தலையில் இருப்பதுதானே முறை? சில நாட்களில் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். கணக்குப் பிரிவுக்காரர்கள் ஒட்டுமொத்தமாக அறிக்கை எடுக்கும்போது டேட்டாபேஸ் திணறும், டைரக்டரியும் கூடவே திணறும், நர்சுகள் கதவு முன்னால் கார்டை வைத்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தால் என்ன? நின்றால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. கான்டீன் வரிசையில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்களே.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். என் தங்கையின் கணவர். வந்தார் என்ன வந்தார், நான்தான் கொண்டுவந்தேன். பழைய கம்பெனியில் ஆள் குறைத்ததில் அவரும் வெளியே வந்துவிட, தங்கை என்னிடம் வந்து நின்றாள். "அண்ணா, நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், அவர் பாத்துக்குவார்," என்றாள். சொன்னேன். அவரும் நன்றாகவே பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில் எனக்கு மேலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலையாட்டி அதற்கும் தலையாட்டியிருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நல்லவர், அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு மேலதிகாரி ஆன பிறகும் நான் அறைக்குள் போனால் எழுந்து நிற்பார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "இதெல்லாம் மச்சான் போட்ட அஸ்திவாரம்," என்பார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அஸ்திவாரம் எங்கே கிடக்கும், மேடம்? மண்ணுக்கு அடியில். அதன்மேல் நின்றுகொண்டு ஒருவர் பல்லைக் காட்டினால் அதற்குப் பெயர் மரியாதையா?

வந்ததும் அவர் சொன்ன முதல் யோசனை, டைரக்டரியையும் டேட்டாபேஸையும் வேறு வேறு மெஷினில் வைக்க வேண்டும் என்பது. டைரக்டரிக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, நடுவில் ஒரு வயர். டேட்டாபேஸ் திணறினாலும் டைரக்டரி மூச்சு விடுமாம். ஒன்றைக் கழற்றிச் சரிசெய்யும்போது மற்றது ஓடுமாம். படம் போட்டுக் காட்டினார். இரண்டு பெட்டி, ஒரு கோடு. நான் ஆயுசைக் கொடுத்துக் கட்டிய ஒன்றை இரண்டு பெட்டியும் ஒரு கோடுமாக ஆக்கிவிட்டார். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு அன்றைக்குப் பற்றிய எரிச்சல் இன்னும் அணையவில்லை.

இப்போது கவனியுங்கள், இது முக்கியம். அந்த மருந்து அலமாரிகளைச் செய்தவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். டைரக்டரியிடமிருந்து பதிலே வராவிட்டால் அலமாரி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கார்டு வைத்தவர் யாராக இருந்தாலும் திறந்துவிடும். உயிர் போகிற அவசரத்துக்கு. ஆனால் "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வந்துவிட்டால் திறக்காது. அதுவும் ஒரு பதில்தானே.

இரண்டும் ஒரே மெஷினில் இருந்தவரை இதில் பிரச்சினையே கிடையாது. செத்தால் இரண்டும் சேர்ந்து சாகும், பதில் வராது, அலமாரி திறக்கும். பிரித்துவிட்டால் கதை வேறு. வயர் போய்விட்டது என்று வையுங்கள், டேட்டாபேஸ் எட்டாது. டைரக்டரி உயிரோடு இருக்கும். யார் கேட்டாலும் தேடிப் பார்க்கும், ஒன்றும் கிடைக்காது, "அப்படி ஒருவர் இல்லை" என்று எல்லாருக்கும் சொல்லிவிடும். வாய் இருக்கும், ஞாபகம் இருக்காது. பிரிப்பதில் இருக்கும் ஒரே உண்மையான ஆபத்து இது. படம் போட்ட மகானுக்கு இது தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? என்னை யார் கேட்டார்கள்?

இல்லை, அது சரியில்லை. கேட்டார். மாப்பிள்ளையே கேட்டார். பிரிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தபோது என் மேசைக்கு வந்து, "மச்சான், டேட்டாபேஸ் எட்டலன்னா டைரக்டரி என்ன பண்ணும்? எனக்கு அது ஒண்ணுதான் உறுத்துது," என்றார். கடைசியில் தோன்றத்தான் செய்திருக்கிறது. "அதுக்கு செட்டிங்ல எழுத ஒரு வரி இருக்கு மாப்ள. டேட்டாபேஸ் கிடைக்கலன்னா வாயையே திறக்காதேன்னு டைரக்டரிக்குச் சொல்லி வச்சிடலாம். நான் பாத்துக்கறேன்," என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. பச்சைக் குழந்தை மாதிரி.

வரியைச் சேர்த்தேன். எல்லாரையும் கூட்டி வைத்துச் சோதனையும் செய்தோம். தலையாட்டி வந்திருந்தார், தலைமை நர்ஸ் வந்திருந்தார். மாப்பிள்ளை எல்லார் கண் முன்னாலும் நடுவிலிருந்த வயரைப் பிடுங்கினார். தலைமை நர்ஸ் அலமாரியில் கார்டை வைத்தார். டைரக்டரி வாய் திறக்கவில்லை. அலமாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்துகொண்டது. கைதட்டினார்கள். ஒரு வரிக்குக் கைதட்டல் மாப்பிள்ளைக்கு. அவர் என்னைக் கைகாட்டினார், உண்மைதான். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

இதை நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நான் எதையும் கெடுக்கவில்லை. அந்த டைரக்டரி வாங்கி வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். அவர் செய்த தப்புக்கு நான் எதற்கு ஒட்டுப்போட வேண்டும்? பிரித்தது சரி என்றால் என் ஒட்டு இல்லாமலும் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பிரித்தது தப்பு. இதைவிட நியாயமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

நானாக எந்த வயரையும் பிடுங்கவில்லை, மேடம். அதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அவசியமும் இருக்கவில்லை. இரண்டு மெஷினும் நடுவில் பேசிக்கொள்ள ஒரு சான்றிதழ் வேண்டும். நான்தான் அந்த டைரக்டரி என்று டேட்டாபேஸிடம் நிரூபிக்கிற காகிதம் மாதிரி, ஆனால் காகிதம் இல்லை. அதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் டேட்டாபேஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரே மெஷினில் இருந்தபோது இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. தன் ஞாபகத்திடம் போய் யாராவது அடையாளம் காட்டிக்கொண்டிருப்பார்களா? கெடு நெருங்கினால் எச்சரிக்கை மெயில் வரும். டைரக்டரி மெஷின் என் பொறுப்பு என்பதால் அது எனக்கு மட்டும் வரும்.

வந்தது. படித்தேன். திரும்பத் திரும்ப வந்தது, திரும்பத் திரும்பப் படித்தேன். கான்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கேட்டார்: "மச்சான், அந்த சர்டிபிகேட் புதுப்பிக்கணுமே, மெயில் ஏதாவது வந்துச்சா?"

"இன்னும் வரல மாப்ள. வந்தா சொல்றேன்."

அது ஒன்றுதான் நான் சொன்ன நேரடிப் பொய். பதிவு செய்துகொள்ளுங்கள். அவரே எழுந்துபோய் ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கமாட்டார். என்னைச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று அவருக்கு நினைப்பு. இந்த மாதிரி ஆட்களிடம் ஆஸ்பத்திரியை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லிப் பயனில்லை, நடந்துதான் தெரிய வேண்டியிருந்தது.

கெடு முடிந்த அன்று காலை நான் வழக்கம்போல சர்வர் ரூமில் இருந்தேன். திரையில் கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன, பதில்களும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு எல்லாப் பதிலும் ஒரே பதிலாக ஆனது. அப்படி ஒருவர் இல்லை, அப்படி ஒருவர் இல்லை. கண் டாக்டர் இல்லை, எலும்பு டாக்டர் இல்லை, தலையாட்டி இல்லை. சிரிப்பு வந்தது என்று சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள், ஆனாலும் வந்தது. இத்தனை வருடமாக என்னை இல்லாதவன் மாதிரி நடத்திய கூட்டம் மொத்தமும் ஒரு நொடியில் இல்லாமல் போனது. அதை ரசிக்காமல் இருக்க நான் என்ன துறவியா?

மாடியில் என் தங்கை பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தாகிவிட்டது. பெண் குழந்தை. அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை. நிறுத்துகிற ஊசி மருந்து பக்கத்து அலமாரியில், குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது. நர்ஸ் அதில் கார்டை வைத்திருக்கிறார், சிவப்பு விளக்கு. டாக்டர் தன் கார்டை வைத்திருக்கிறார், சிவப்பு. அலமாரிக்குக் கைச்சாவி உண்டு. ஆனால் அந்தச் சாவி ஒரு பெட்டியில் இருக்கும், அந்தப் பெட்டியும் கார்டு வைத்தால்தான் திறக்கும். அது தலையாட்டியின் சொந்த யோசனை. நர்ஸ் அலமாரியைக் காலால் உதைத்தாராம். அது இரும்பு, உதைத்தால் என்ன ஆகும்?

மாப்பிள்ளை மாடியிலிருந்து ஓடிவந்தார். சர்வர் ரூம் கதவு கண்ணாடி. அவர் கார்டை வைத்தார், சிவப்பு. அவரும்தான் இல்லையே. உள்ளே இருந்து திறக்க என் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு, கைநீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டினார், பிறகு போனை எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்தது, என் காதில் குரல் கேட்டது.

"மச்சான், கதவத் திறங்க. டைரக்டரி யாரையுமே இல்லைங்குது. மேல அவளுக்கு ரத்தம் நிக்கலையாம், மருந்து அலமாரிக்குள்ள மாட்டிக்கிச்சு. அந்த வரி... அந்த வரி ஏன் வேலை செய்யல?"

"டேட்டாபேஸ் உங்க பொறுப்புல இருக்கற மெஷினாச்சே மாப்ள," என்றேன். "நீங்கதானே பிரிச்சீங்க."

நான் சத்தம் போடவில்லை. அவர் அழுதார். எனக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் நடைபாதையில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். "என்ன தப்பு இருந்தாலும் என் மேலயே இருக்கட்டும், மச்சான். முதல்ல திறங்க," என்றார். அது எனக்குப் போதவில்லை. மொத்தமாக எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்வது பெருந்தன்மை; எனக்கு அவருடைய பெருந்தன்மை வேண்டாம். குறிப்பாக ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரித்தது தப்பு, மச்சான் வைத்திருந்ததுதான் சரி. அவ்வளவுதான்.

அதை உடனே சொல்லிவிட்டார். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தார். ஆனால் என்னிடம் தனியாகச் சொல்லி என்ன லாபம்? நாளைக்கு இல்லை என்றால்? "தலைமை நிர்வாகி வரட்டும். அவர்கிட்ட சொல்லுங்க," என்றேன். தலையாட்டிக்கு லிப்ட்டும் வேலை செய்யவில்லை, படி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே சொன்னார். நான் போனில் கேட்டேன். தலையாட்டி ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

உடனே வரியைத் திரும்பப் போட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். விசைப்பலகையில் எல்லாம் முன்னாடியே அடித்துத் தயாராகத்தான் இருந்தது, ஒரு பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. டைரக்டரி வாயை மூடிக்கொண்டது, கட்டடம் முழுக்க அலமாரிகள் திறந்துகொண்டன. மாப்பிள்ளை படியில் விழுந்து எழுந்து ஓடினார். அதற்குள் முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறதாம். பார்க்க வேண்டும் என்று கேட்டேன், விடவில்லை. தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா? நீங்கள் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள்: அவள் அன்றைக்குத்தான் அங்கே படுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியுமா என்று. இதைத் தற்செயல் என்று எழுத உங்களுக்கே மனம் வராது, எனக்கும் சொல்ல மனமில்லை. ஆபரேஷன்தான் என்று முடிவானதும் டாக்டர் இரண்டு மூன்று தேதி சொல்லி, வசதியானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நீ எந்த நாள் டூட்டில இருப்ப? அந்த நாளா பாத்து வச்சுக்கறேன். நீ கீழ உக்காந்திருக்கேன்னு நெனச்சா எனக்கு பயமே இருக்காது."

கெடு முடிகிற நாள் எனக்குத் தெரியும். அந்த நாளைச் சொன்னேன்.

காரணம் இருக்கிறது, காரணம் இல்லாமல் நான் எதையும் செய்வதில்லை. மற்ற நாளாக இருந்தால் மாப்பிள்ளை பதறமாட்டார். மனிதருக்கு மூளை கெட்டி, அதை மறுக்கமுடியாது. தன் இடத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்திருப்பார், வரி இல்லை என்பதைக் கண்டுபிடித்திருப்பார், தானே போட்டுச் சரிசெய்துவிட்டு, சாயங்காலம் வந்து, "மச்சான், அந்த வரி எப்படியோ விட்டுப்போச்சு போல," என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். என்னை மன்னித்தும் இருப்பார். அதை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் புத்தி வேலை செய்யாத ஒரு நாள் எனக்குத் தேவைப்பட்டது. மாடியில் அவள் படுத்திருந்தால்தான் அவர் யோசிக்காமல் நேராக என்னிடம் ஓடிவருவார், கேட்டதும் சொல்லிவிடுவார், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் நன்மைக்கும் சேர்த்துத்தான் யோசித்தேன். தலையாட்டி படி இறங்கத் தாமதித்ததற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவள் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், அவள் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்தவன் நான். அவள் போனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது. ராப்பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன், திரும்பத் திரும்ப ஒரே முடிவுதான் வருகிறது: இரண்டும் ஒரே மெஷினில் இருந்திருந்தால் என் தங்கை இன்றைக்கு உயிரோடு இருப்பாள்.

மாப்பிள்ளை பக்கத்து அறையில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் போய்க் கேளுங்கள். பிரித்தது தப்பு என்று அன்றைக்குப் பதற்றத்தில் சொன்னார், இப்போது நிதானமாக இன்னொரு தடவை சொல்லட்டும். சொல்லிவிட்டார் என்றால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.